தண்ணீரில் வைத்த சிரிப்பு

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
14-8-1969, வியாழக்கிழமை.

எல்சியின் அப்பா அவர்களுக்கு உங்கள் இருதயம்மாள் அன்போடும் மரியாதையோடும் எழுதிக்கொள்வது. நானும் எல்சியும் உங்கள் அக்காவும் சுகம். நீங்களும், கப்பலில் உங்களோடு இஞ்சினடியில் வேகிற மற்றவர்களும் சுகமாக இருக்க தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

ஜப்பானிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் போன மாதக் கடைசியில் கிடைத்தது. அக்டோபர் முதல் வாரம் கப்பல் மெட்ராஸ் வந்துவிடும் என்ற வரியை எல்சி மூன்று முறை சத்தமாக வாசித்தாள். அவள் இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள். கணக்குக்குத் தடுமாறுவதில் மட்டும் இன்னும் உங்கள் மகள்தான். பின்கட்டு ஓடு இரண்டு மாற்றியாயிற்று, இந்த மழைக்கு ஒழுகவில்லை. உங்கள் அக்கா சிலுவையம்மாளுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நாக்குக்கு ஒரு வலியும் இல்லை. காற்று ரயில் நிலையப் பக்கமிருந்து அடித்தால் துணியெல்லாம் கரி படிகிறது, கடல் பக்கம் திரும்பினால் மீன் வாசம். இரண்டும் பழகிப்போன வாசம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, ஏன் உம்மென்று நிற்கிறாய், யார் மேல் கோபம், சிரித்த மாதிரி ஒன்று எடுத்து அனுப்பு, படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. பல்தான் இல்லை.

ஒன்று இரண்டு இல்லை. எல்லாம் போய்விட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் மழை, வெயில், எல்சியின் மார்க்கு என்று எழுதி நிரப்பினேன். நீங்களும் நம்பினீர்கள். அதற்காக என்னை மன்னியுங்கள்.

நீங்கள் இங்கே இருக்கும்போதே காலையில் வாய் கொப்பளித்தால் ரத்தம் வரும். தலையணை உறையில் கறை பார்த்து ஒரு நாள் கேட்டீர்கள். வெற்றிலை என்றேன். மாதா திருநாளுக்கு நீங்கள் கப்பல் ஏறிய பிறகு ஈறு வீங்கி, பல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் அன்று நண்டுக் காலைக் கடித்தேன். நண்டு உடையவில்லை. பிப்ரவரியில் உங்கள் அக்காதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கல்மண்டபத்துப் பக்கம் வரதராஜுலு என்று ஒரு பல் டாக்டர். பயோரியா என்கிற ஈறு நோய் முற்றி அடி எலும்பே கரைந்துவிட்டது, இனி வைத்திருந்தால் உடம்பே கெட்டுவிடும் என்றார். எனக்கு முப்பத்து மூன்று வயது. சேசுநாதர் சிலுவையில் உயிர்விட்ட வயது என்று உங்கள் அக்கா ஆறுதல் சொன்னாள். அது என்ன ஆறுதலோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஐந்து தடவையாகப் பிடுங்கினார்கள். புண் ஆறி ஈறு இறுகட்டும் என்று மூன்று மாதம் வெறும் வாயோடு விட்டார்கள். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் நான் விழித்திருந்தேனா, தூங்கிக்கொண்டே நடந்தேனா என்று தெரியவில்லை. கஞ்சி, மசித்த வாழைப்பழம், பாலில் ஊறவைத்த ரொட்டி. எல்லாம் மெத்தென்று உள்ளே போகும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குழாயடிக்குப் போவேன், வருவேன். யாரிடமும் பேசுவதில்லை. பேசாமல் இருந்தால் தெரு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது தெரியுமா? பக்கத்து வீட்டு ஜெரினா கூப்பிடுவதுகூட அக்கரையிலிருந்து கூப்பிடுவது போலக் கேட்கும். மத்தியானத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊதினால், அதுதான் உங்கள் கப்பல் என்று நினைத்துக்கொண்டு, நினைத்தபடியே உட்கார்ந்திருப்பேன். அடுப்பில் ஏதாவது தீய்ந்த பிறகுதான் எழுந்திருப்பேன். அந்தச் சமயத்தில் எடுத்த போட்டோதான் உங்களிடம் இருப்பது.

ஜூன் மாதம் பல் செட்டு வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. ரோஜா நிறத்தில் ஈறு, அதில் பால் வெள்ளையாகப் பல். என் சொந்தப் பல்லைவிட ஒழுங்கு. முதல் நாள் மாட்டியபோது யாரோ விருந்தாளி வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிற மாதிரி இருந்தது. எச்சில் ஊறியது, குமட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். கன்னம் மறுபடி மேலே வந்திருந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடியிலிருந்த அந்தப் பொம்பளையை எனக்குப் பிடித்திருந்தது.

டாக்டரிடம் வேலை செய்கிற நீலா என்ற புளியந்தோப்புப் பெண்தான் எனக்குப் பராமரிப்புச் சொல்லிக் கொடுத்தாள். நான் முதல் வாரம் நம் வழக்கப்படி அடுப்புக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டேன். அவள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இன்னாக்கா, இத்த ஈயப் பாத்திரம்னு நென்ச்சுகினியா? கரி போட்டு தேய்ச்சா ஆறு மாசத்துல தேஞ்சுபூடும். கோடு விழுந்தா அதுக்குள்ள அழுக்கு பூந்துகினு நாறும்' என்று சத்தம் போட்டாள். வெந்நீரில் போட்டால் கோணிக்கொள்ளுமாம், பிறகு வாயில் உட்காராதாம். மெதுவான பிரஷ், கொஞ்சம் குளிக்கிற சோப்பு, பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கழற்றி அலச வேண்டும். கழுவும்போது கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டும், கை நழுவினாலும் தண்ணீரில் விழும், உடையாது. செட்டைக் கழுவினால் போதாது, வாயையும் கவனிக்க வேண்டும். விரலில் துணியைச் சுற்றி ஈறையும் நாக்கையும் துடைத்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். காய விடவே கூடாது. வாயில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் இருக்க வேண்டும். நீங்கள் ஒன்று ராயபுரத்தில், இல்லையென்றால் கடலில் இருப்பதுபோலத்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கழுவிக் கண்ணாடி டம்ளரில் போட்டு ஜன்னலில் வைப்பேன். மூன்று மணிக்கு வெயில் சரிந்து டம்ளர் வழியாக வரும். தண்ணீரின் நிழல் சுவரில் ஆடும். அந்த வெளிச்சத்துக்குள் என் சிரிப்பு தனியாக மிதந்துகொண்டிருக்கும். நான் இந்தப் பக்கம் பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன். அது என்னைப் பார்த்துச் சிரிக்கும். முதலில் பயமாக இருந்தது. அப்புறம் ஒரு துணை மாதிரி ஆகிவிட்டது.

பேச்சுத்தான் சீக்கிரம் வரவில்லை. 'ஸ்' என்று வருகிற இடத்தில் விசில் அடித்தது. வாயில் கஷ்டப்படுகிற வார்த்தையைத் தினமும் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகு என்றார் டாக்டர். எனக்கு எந்த வார்த்தை கஷ்டம் என்று யோசித்தேன். உங்கள் பெயர்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு நாளும் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. துணி துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு கஸ்பார், கஸ்பார் என்று நூறு தடவை சொன்னேன். ஜெரினா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, 'இன்னா இருதயம், புருசன இப்டி ஏலம் போடறே' என்று சிரித்தாள். இப்போது விசில் இல்லை. உங்கள் பெயர் சுத்தமாக வருகிறது. வந்து என்ன, நேரில் சொல்லமாட்டேனே.

ஜெரினாவுக்கும் அன்றைக்கு விஷயம் தெரியாது. டாக்டரையும் நீலாவையும் தவிர உங்கள் அக்காவுக்கும் எல்சிக்கும் மட்டும்தான் தெரியும். போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து நமக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? பூசையில் நன்மை வாங்கினால், அப்பமாக வருகிற ஆண்டவரைப் பல் படாமல் விழுங்க வேண்டும். சொந்தப் பல்லே படக் கூடாது என்றால், கடையில் செய்த பல் எப்படிப் படலாம்? செட்டு போட்ட முதல் ஞாயிறு நன்மை வாங்கினேன். அப்பம் மேல் செட்டின் தட்டில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினாலும் வரவில்லை. ஆண்டவர் என் ரோஜா நிறத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்க, நான் முட்டிபோட்டு வியர்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றிக் கழுவினால், அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. தகர டப்பாவில் வைத்திருக்கும் செம்பருத்திக்கு ஊற்றினேன். அதன் பிறகு, நன்மைக்குப் போகும் முன்னால் முக்காட்டுக்குள்ளேயே செட்டைக் கழற்றி ஈரக் கைக்குட்டையில் முடிந்துகொள்வேன். வெறும் வாயில் ஆண்டவரை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து மாட்டிக்கொள்வேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வாயைத் திறக்க வேண்டுமே.

ஒரு தடவை முட்டிபோடும்போது இடுப்பிலிருந்து முடிச்சு நழுவித் தரையில் டக்கென்று விழுந்தது. அதனால் செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நவநாள் பூசையில், தூணோரம் இருக்கும் அந்தோணியார் சொரூபத்தின் காலடியில் முடிச்சை வைத்துவிட்டு, நன்மை வாங்க முட்டிபோடும் கிராதிக்குப் போனேன். தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் காலடியில் வைத்தால் தொலையவா போகிறது என்று நினைத்தேன். அங்கேதான் ஜனங்கள் காணிக்கை முடிச்சும் வைக்கிறார்கள் என்பது அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை.

திரும்பி வந்தால் காலடி காலி. கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் அம்புரோஸ் எல்லா முடிச்சையும் தாம்பாளத்தில் வாரிக்கொண்டு போய்விட்டார். பூசை முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு அந்தோணியாரையே பார்த்தேன். அவர் தன் கையிலிருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உபதேசியார் முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். யாரோ பல் வலி நீங்கியதற்கு நேர்ந்துகொண்டு பல்லையே காணிக்கை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். வெள்ளித் தகட்டில் கண், கால், கை எல்லாம் தொங்குமே, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள், கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் என் பல்லை வைத்துவிட்டார். நான் பார்க்கும்போது பெட்டிக்கு முன்னால் நாலு பொம்பளைகள் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கன்னத்தைப் பெட்டியில் தொட்டு ஒற்றுகிறாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டுக்கும் வாயைத் திறக்க முடியவில்லை.

எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. காற்றில் காய்ந்தால் கெட்டுவிடுமே என்று அந்தப் பயம் வேறு. கடைசியில் முந்தானையை இறக்கிவிட்டு, வெறும் வாயோடு, எல்லோருக்கும் முன்னால் 'அது என்னுது' என்று சொன்னேன். கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பெட்டியை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். உபதேசியார்தான் பாவம், என்னைவிட அதிகமாக வெட்கப்பட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

பிறகு பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செட்டோடேயே நன்மை வாங்கு மகளே, ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் தண்ணீர் குடி, ஆண்டவருக்கு உன் வாயில் எது சொந்தம், எது வாங்கியது என்ற கணக்கெல்லாம் கிடையாது என்றார். செம்பருத்திக்கு ஊற்றியதைச் சொன்னபோது மட்டும் என் தலையில் கை வைத்தார். அப்புறம், நல்ல காரியம்தான் செய்தாய் என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை எனக்கு.

ஆனால் சந்திரனில் இறங்கிய மனுஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நம் தெரு, செவ்வாய்க்கிழமையிலிருந்து என் பல்லைப் பற்றிப் பேசுகிறது. ஜெரினா வீட்டுக்காரர் தமீம் சனிக்கிழமை கப்பல் ஏறுகிறார். சிங்கப்பூரில் உங்களைப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒரு விஷயத்தை ஒன்பதாக்காமல் சொல்லத் தெரியாதவர். அவர் வாயால் நீங்கள் இதைக் கேட்கக் கூடாது. நாளைக்குச் சுதந்திர தினம், பரலோக மாதா திருநாளும்கூட, தபால் ஆபீஸ் இருக்காது. அதனால் எல்சி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் இதை எழுதிச் சிங்கப்பூருக்கு ஏர்மெயிலில் போட்டுவிடப் பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இவ்வளவு எழுதியதே அதைத் தள்ளிப் போடத்தான் என்று நினைக்கிறேன்.

படுக்கும்போது செட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நீங்கள் அக்டோபரில் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. பகலில் சமாளித்துவிடலாம். விளக்கை அணைக்கிற நேரத்தில் என்ன செய்வது? அதனால் கழற்றாமலே தூங்கிப் பழகினேன். பதின்மூன்று நாள். உங்களுக்குத் தெரியாமலே மிச்ச ஆயுசையும் ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன். கீழ் ஈறு புண்ணாகி, நேற்றுச் சோறு இறங்கவில்லை. நீலா பார்த்துவிட்டு, 'பகல்லாம் செருப்பு போட்டுகினு நடக்கிறே, படுக்கச் சொல்லோ கழட்டிட்டுத்தானே படுக்கிறே? ஈறும் அப்டித்தான்கா. அதுக்கும் மூச்சு வேணும்' என்றாள். இப்படியே செய்தால் ஈறு சுருங்கி, எந்தச் செட்டும் நிற்காமல் போய்விடும் என்று டாக்டரும் கண்டித்துவிட்டார். ஆக, எனக்கு வேறு வழி இல்லை.

கழற்றினால் நான் எப்படி இருக்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கன்னம் உள்ளே போய்விடும். உதடு மடிந்துகொள்ளும். முகவாய் மூக்குப் பக்கம் ஏறிவிடும். பேச்சு குழந்தைப் பேச்சு மாதிரி வரும். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று பலாச்சுளையைக் கடித்துக்கொண்டே சிரித்தாளே ஒருத்தி, அவள் இந்த முகத்தில் இருக்கமாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் திட்டுவீர்கள் என்று பயம் இல்லை. நீங்கள் நல்லவர், திட்டமாட்டீர்கள். பார்க்காதது போல அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வீர்களோ என்றுதான் பயம்.

இன்று மத்தியானம் பாயில் கண் அயர்ந்தபோது ஒரு கனவு. காசிமேட்டுக் கரையில் கடல் பின்வாங்கிப் போயிருக்கிறது. ஈர மணலெல்லாம் என் பல் கிடக்கிறது, சோழி கிடக்கிற மாதிரி. நீங்கள் காக்கி நிஜாரோடு குனிந்து குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே போகிறீர்கள். நான் கூப்பிடுகிறேன். காற்றுச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. எழுந்து வந்து உங்கள் அக்காவிடம் சொன்னேன். பல் விழுகிற கனவு ஆகாது, கோயிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி வை என்றாள். அது விழுகிற கனவு இல்லை அண்ணி, பொறுக்குகிற கனவு என்றேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அதனால்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

சிங்கப்பூரில் வழக்கம்போல நைலான் சேலை, சென்ட் என்று அலைய வேண்டாம். எல்சிக்கு ஒரு பேனா வாங்குங்கள். எனக்கு ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம் போதும், செட்டு முழுகுகிற அளவு தண்ணீர் பிடித்தால் சரி. நிறம் உங்கள் இஷ்டம். நம் கட்டிலுக்குப் பக்கத்தில், உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் அதை வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். மூடி போட்டது வேண்டுமா, மூடி இல்லாதது வேண்டுமா என்று கடைக்காரன் கேட்பான். மூடியிருந்தால் உள்ளே இருப்பது கண்ணில் படாது. நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறீர்களோ, அதையே இந்தக் கடிதத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

கடலைக் காக்கிற மாதா உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
இருதயம்மாள்.